நான் மறைத்த விரிசல்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டோரம் எனக்கு ஒரு சின்ன ஃபைபர் ஷெட் இருக்கிறது. பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி மூடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பலகை, இவைதான் என் வேலை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கதவு கம்பெனியில் கூலிக்குப் போய்க் கற்றுக்கொண்டது. கார் பக்கமே நான் போனதில்லை.

அதற்கு முந்தின மார்கழியில் ஒருநாள் ஷெட் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. வெள்ளிமலைக்குப் போகும் அரசு பஸ்ஸை வருடக்கணக்கில் ஓட்டியவர். மலை ஊர்களில் கழிப்பறைக்குக் கதவு மாட்டப் போகும்போதெல்லாம் அவர் பஸ்ஸின் கூரையில்தான் கதவுகளைக் கட்டிக்கொண்டு போவேன். கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று அவரே ஏணியில் ஏறி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ரிட்டயர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

லாரியில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. லாரிக்குப் பின்னால், கயிற்றில் கட்டி இழுத்து வந்த ஒரு கார். கூரை கிடையாது. இரண்டே இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருந்தது. தியாகதுருகத்தில் ஒரு பழைய ரைஸ் மில் கோடவுனில் வைக்கோலுக்கு அடியில் பல வருடம் கிடந்த வெளிநாட்டுப் பந்தயக் கார் அது. மில்லை விற்றபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததை இவர் வாங்கிவிட்டார். இன்ஜினை அவரே பிரித்துச் சரிசெய்து ஓடவும் வைத்துவிட்டார். ஆனால் முன்பக்கத்து பானட்டும் இரண்டு மட்கார்டும் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தன. அந்த மாடலுக்கென்றே ஃபைபரில் அச்சு எடுத்து விற்கும் ஒருவரை வெளிமாநிலத்தில் தேடிப் பிடித்து, பாகங்களை வரவழைத்திருந்தார்.

பெட்டியைப் பிரித்து மாட்டிப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடது பக்கம் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. வலது பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. ஊரில் இருக்கிற டிங்கர் பட்டறைகளில் எல்லாம் கேட்டுவிட்டார்.

"இரும்புன்னா தட்டி வளைக்கலாம், இது தட்டுனா ஒடஞ்சிடும்னு அனுப்பிட்டானுங்கமா. ஃபைபர்னா நீதான்னு சொன்னாங்கோ" என்றார்.

எனக்குப் பயம்தான். ஆனால் ஆசையும் வந்துவிட்டது. "பாக்கலாம்ணா" என்றேன்.

அடுத்த ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அந்த வேலைதான். அட்டையில் வெட்டி அளவு எடுப்பேன். ஏறி நிற்கிற இடத்தை அறுப்பேன். குறைகிற இடத்தில் ஃபைபர் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பைக் கிழித்து வைத்து, ரெசின் பசை தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்தக் காலத்துக் காரின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றல்ல. கையால் செய்த வண்டி. ஒரு பக்கத்துக்கு எடுத்த அளவை இன்னொரு பக்கத்துக்கு வைத்தால் ஏமாந்துவிடுவோம். அவரும் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பிடிக்கச் சொன்னால் பிடிப்பார், தூக்கச் சொன்னால் தூக்குவார்.

பேசிக்கொண்டே இருப்பார். இருபத்தாறு வருஷம் மலை ரோட்டில் ஓட்டியிருக்கிறார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்பதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். அவ்வளவு வருஷத்தில் அவர் மனைவி ஒருதடவைகூட அந்த பஸ்ஸில் ஏறி மலைக்கு வந்ததில்லையாம். வீடு, மாடு, பிள்ளைகள் என்று மனைவிக்கு ஓய்ந்த நாளே இல்லை. அந்த அம்மாவை இந்த வண்டியில் உட்கார வைத்து வெள்ளிமலைக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

"அறுவது பேர ஏத்திக்கினு போனேன். இப்ப ஒரே ஒரு டிக்கெட்டு" என்று சிரிப்பார்.

கடைசியாகப் பாக்கி இருந்தது பானட் லாக்தான். பானட்டின் முன்விளிம்புக்கு அடியில் முளை போல ஒரு இரும்பு பின் இருக்கும். பானட்டை அழுத்தினால் அந்த பின் வண்டியில் உள்ள லாக்கில் போய் மாட்டிக்கொள்ளும். புது பானட்டில் பின்னுக்காகப் போட்டிருந்த துளைகள் ஒரு விரல் தள்ளி இருந்தன. பக்கத்திலேயே புதுத் துளை போட்டேன். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவில் முடி போல ஒரு விரிசல் ஓடியது.

அதற்குச் சரியான வைத்தியம் எனக்குத் தெரியும். அந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு இரும்புத் தகடு வைத்து, மேலே மூன்று அடுக்கு மேட் போட்டு, இரண்டு நாளாவது காயவிட வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் வண்டி எடுப்பதாக அவர் வீட்டில் சொல்லிவிட்டிருந்தார். நான் ரெசின் பேஸ்ட்டைக் குழைத்து விரிசலில் அடைத்து, தேய்த்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. பழைய இரும்பு பானட்டில், லாக் விட்டுப்போனாலும் பானட் தூக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஒரு கொக்கி உண்டு. புது பானட்டில் அதற்கு இடமே விடவில்லை. அவர் அதை மறக்காமல் கேட்டார்.

"அந்தக் கொக்கி இன்னாமா ஆச்சு?"

"அப்பறமா போட்டுக்கலாம்ணா. லாக்கே கெட்டியாத்தான் இருக்குது."

இப்படிச் சொன்னது நான்தான். இதை யார் மேலும் போட முடியாது.

மறுநாள் காலையில் அவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா புதுப்புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "அண்ணா, ரெண்டு நாள் பொறுத்துப் போங்க" என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர் வெல்டிங் கடைக்காரர், "இத்தினி பட்டற கைவுட்ட வேலைய ஒரு பொம்பள முடிச்சிட்டா பாரு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நாலு பேர் கைதட்டினார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கினேன். முந்தின நாள் பேஸ்ட் குழைத்த டப்பா மூலையில் கிடந்தது. அதில் மிச்சம் ஒட்டியிருந்ததை நகத்தால் குத்திப் பார்த்தேன். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டியது, நகம் உள்ளே இறங்கியது. தை மாதக் குளிரில் காய்வதற்குப் போதுமான அளவு, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் சேர்க்காமல் அவசரத்தில் கலந்திருக்கிறேன். அப்படியென்றால் பானட்டுக்குள்ளேயும் அது இப்படித்தான் இருக்கும்.

உடனே அவருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் போனைத் தொடமாட்டார், அது அவர் பழக்கம். மனைவியின் நம்பர் என்னிடம் இல்லை. ஷெட்டைப் பூட்டக்கூட இல்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் வரைக்கும் எப்படிப் போனேன் என்று எனக்கே நினைவில்லை. வழியில் கரும்பு டிராக்டர்கள் வேறு ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "கூர இல்லாத காரா? இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு. புருஷனும் பொண்டாட்டியும் சிரிச்சிக்கினே போனாங்கோ" என்றார் டீ மாஸ்டர். கோமுகி அணையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கேயும் இல்லை.

அணையைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் ரோடு கொஞ்ச தூரம் நேராகப் போகும். அங்கே ஒரு சின்னப் பாலத்தின் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. ஒரு ஜீப், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய ஒரு லாரி, பத்துப் பதினைந்து பேர். நடுவில் அந்தச் சின்னக் கார். பாலத்தின் கட்டைச் சுவரைத் தொட்டபடி நின்றிருந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தது. பானட்டை இழுத்து மூடிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

அந்த அம்மாவின் நெற்றியில் ஒரு கீறல். மலைக்காரப் பெண் ஒருத்தி தன் துண்டை நனைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். பெரிய காயம் இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஜீப் டிரைவர் நடந்ததைச் சொன்னார். நேர் ரோட்டில் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்திருக்கிறது. பானட் படாரென்று காற்றில் தூக்கிக்கொண்டு முன்கண்ணாடியில் வந்து அறைந்திருக்கிறது. எதிரில் கிழங்கு லாரி. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. அவர் கதவுக்கு மேலாகத் தலையை வெளியே நீட்டி, லாரியை விட்டு ஒதுங்கி, இடது பக்கத்துப் பள்ளத்திலும் விழாமல், பாலத்துச் சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறார்.

"வேற ஆளா இருந்தா லாரிக்குள்ள பூந்திருப்பான். இந்த ரோடு அவருக்கு மனப்பாடம்" என்ற ஜீப் டிரைவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனாலும் வயசாயிடுச்சு இல்ல? அணைகிட்ட நின்னு ரேடியேட்டர்ல தண்ணி பாத்துட்டு அவருதான் பானட்ட மூடினாராம். லாக்க சரியா அழுத்தாம வுட்டுட்டாரு" என்றார்.

அவர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்த மனிதர் இல்லை. ஒரே காலை நேரத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி குனிந்து, உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் சாவி அந்த அம்மாவின் கையில் இருந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு மூடிய ஒழுங்கா மூடத் தெரியல, உனக்கு இன்னாத்துக்கு காரு? புள்ளைங்க தலையெழுத்து நல்லாருந்துச்சு, பொழச்சிக்கினோம். இனிமே நீ எந்த வண்டியும் தொடக்கூடாது. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். "ஆமாமா, என் தப்புதான். கை வுட்டுப்போச்சு" என்றார்.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. தப்பு அவருடையது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் ஏன் இங்கே வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணா, கவலப்படாதீங்க, நான் சரிபண்ணித் தரேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால், நல்லவள் என்ற பெயரோடு திரும்பிவிடலாம்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, "பஸ்ஸோட்டின கைன்னு நம்பி எத்தினி பேரு ஏறியிருப்போம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தையும் யாரோ ஒரே இழுப்பில் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

"அவரு தப்பு இல்லீங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "அவரு மேல தப்பு இல்ல. எம்மேல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய்க் கயிற்றை அவிழ்த்து பானட்டைத் தூக்கினேன். நான் நினைத்தபடியேதான் இருந்தது. இரும்பு பின் வண்டியின் லாக்கில் அப்படியே மாட்டியிருந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபைபர் துண்டு. பானட்டில் அந்த அளவுக்கு ஓட்டை. அவசரத்தில் இழுத்து மூடிக் கட்டியதால் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

"இங்க வெரிசல் வுட்டிருந்துச்சு. நான் பாத்தேன். பேஸ்ட்ட வெச்சி மூடி பெயின்ட் அடிச்சிட்டேன். கொக்கி வேணும்னு அவரு கேட்டாரு, நான்தான் தேவயில்லன்னு சொன்னேன். காலைல சொல்லலாம்னு வந்தேன், சொல்லல."

எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அவர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த லாக்கைப் பார்த்தார். விரலால் பின்னை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. மறுபடியும் அசைத்தார்.

"அப்போ நான் அழுத்தினதுல லாக்கு வுழுந்துதா?" என்று கேட்டார்.

"வுழுந்துச்சுணா. நல்லா வுழுந்திருக்குது. நீங்க மூடினதுல ஒரு கொறையும் இல்ல."

"லாக்கு வுழுந்துதான் இருக்குது" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். ஜீப் டிரைவரிடமும் சொன்னார். அந்தப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினார். "பாருங்க, வுழுந்திருக்குது." தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். உயிர் தப்பியபோது அழாதவர், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது அழாதவர், அப்போது அழுதார்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். அறைந்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

"ரெண்டு நாள் கழிச்சி வாங்கன்னு சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் உனக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. "இத்தினி நேரமும் இந்த மனுஷன இன்னான்னா பேசிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு போய் கணவரின் கையைப் பிரித்து, சாவியை அதில் வைத்து மூடினார்.

அன்றைக்கு அவர்கள் மலை ஏறவில்லை. எங்களிடம் இருந்த ஸ்பானரை வைத்து பானட்டைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினோம். நெற்றிக் காயத்துக்கு மருந்து போட அந்த அம்மாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பானட் இல்லாமல் இன்ஜின் வெளியே தெரிய, அவர் எங்களுக்குப் பின்னால் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். போகிற வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் கனம் எனக்கு அப்போது தேவையாக இருந்தது.

அந்த வேலையை நான் முதலிலிருந்து செய்தேன். இரும்புத் தகடு வைத்து, மேட் போட்டு, ஒரு வாரம் காயவிட்டேன். கொக்கியை வெல்டிங் கடைக்காரர் அடித்துக் கொடுத்தார். விரிசலைப் பற்றி அவரிடமும் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எங்க பட்டறைலயும் இப்படி நடந்திருக்குதுமா, நாங்க யாரும் வெளிய சொன்னதில்ல" என்றார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கூட்டம் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. அந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பானட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மூன்று தடவை பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். வண்டியே ஆடியது, பானட் அசையவில்லை. "சரி, ஏறுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தார். சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் அந்த அம்மா. "வெள்ளிமல பாத்தாச்சு. மனுஷன் மாட்டு வண்டி மாரி ஓட்டறாரு, எனக்குத் தூக்கமே வந்துடுச்சு" என்றார். பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து பழைய வண்டிகளுக்கு மட்கார்டும் பம்பரும் பொருத்திவிட்டேன். எங்கே பலம் குறைவு, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்பதை வண்டிக்காரர் கேட்பதற்கு முன்பே கைவைத்துக் காட்டிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போகட்டும். நாம் மூடி மறைக்கிற தப்பு மறைந்துபோவதில்லை, ஒரு பாவமும் அறியாத யாரோ ஒருவர் அதைத் தன்னுடையது என்று நம்பித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார் என்பதை அந்தப் பாலத்துச் சுவரின் பக்கத்தில் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.